214-ஆம் எண் படத்தின் வாய்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்படியும் பின்னால் தெரிந்துவிடும். நான் எழுதிய நாலு வரியால் ஒரு பெண்ணின் முகம் மாறிப்போனது. அந்த நாலு வரியைத் திரும்ப வாங்க என்னால் முடியவில்லை. அதனால்தான் இத்தனை வரி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் எனக்கு வேலை. பிழை திருத்துவேன், ராகுகாலம் எமகண்டம் சரிபார்ப்பேன். படத்துக்குக் கீழே போட நாலு வரி கேட்டால் எழுதிக் கொடுப்பேன். முதலாளி காமராஜ் என்னைப் 'புலவரே' என்று கூப்பிடுவார். அது கிண்டலா மரியாதையா என்று பதினாறு வருடமாகப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

'மார்கழிக் குளிரில் ரோஷினி தன் சிசுவை மார்போடு அணைத்தபடி—'

அடித்துவிட்டேன். குளிராம்! இந்த ஊரிலாம்! அப்புறம் 'சிசு' என்று யார் சொல்கிறார்கள்?

இரண்டாவது தொடக்கம்: 'அவள் ஒரு தாய்.'

இதையும் அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கித்தான் எல்லாம் கெட்டது.

2

ரோஷினி காமராஜின் மருமகள். காரியாபட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். மதுரையில் ஓவியம் படித்துவிட்டு இதே அச்சகத்தில் டிசைன் பிரிவுக்கு வேலைக்கு வந்தவள். முதலாளி மகன் தருண்குமார் விரும்பி, ஒற்றைக்காலில் நின்று கட்டிக்கொண்டான். லட்சுமிக்குக் கன்னம் பூசுவதானாலும் முருகனுக்கு உதடு திருத்துவதானாலும் அவள் கைக்கு வருவது மாதிரி வேறு யாருக்கும் வராது. கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டினால் சாமிக்கே பத்து வயது குறையும்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். பதினெட்டு மணி நேரம் வலித்தது. அதற்குப் பிறகு கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை, பிரீத்திகா. வந்தவர்கள் எல்லாரும் பிள்ளையைத் தூக்கினார்கள், பிள்ளைக்குத் திருநீறு பூசினார்கள், பிள்ளை யார் சாடை என்று சண்டை போட்டார்கள். ரோஷினியிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "பால் வருதா?" தன்னை யாரோ வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டதாக அவளுக்கு இருந்தது. கோபம் வந்தது. பிள்ளை மேலும் வந்தது. அது யாரிடமும் சொல்லக்கூடிய கோபம் இல்லை.

அச்சகத்தில் ஒருபக்கம் அச்சாகி வீணாகும் தாள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். பிள்ளைத்துணிக்கு அடியில் போட என்று தருண்குமார் ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தான். அதன் வெள்ளைப் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அவள் வரைய ஆரம்பித்தாள். கழுவக் கழுவப் போகாத பால்கறை. உட்கார்ந்தபடியே தூங்கும் பெண். அடிவயிற்றுத் தையல். அவள் அம்மா முத்துமாரியம்மாள் பார்த்துவிட்டு, "ஊரே பிள்ளை பெறுது. இதையெல்லாமா படம் போடுவாக?" என்று தாளைக் கவிழ்த்து வைத்தாள். ரோஷினி அதைத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

பதினைந்து படம். அதில் ஒன்று, மூன்றாம் நாள் படம். பால் கட்டி, காம்பு வெடித்து, பிள்ளை முதல்முறையாக வாய் வைத்துச் சரியாக இழுத்த நேரம். பெண் பல்லைக் கடித்திருக்கிறாள். வாய் ஒருபக்கமாகக் கோணியிருக்கிறது. கண் பிள்ளையைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்க்கிற நம்மை நேரே பார்க்கிறது.*

* இந்த வருணனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். இதைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டியிருக்கிறது. இப்போது தைரியம் இல்லை.

3

சித்திரையில் சிவகாசிக்குத் திரும்பினாள். தருண்குமார் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். மூன்றாம் நாள் படத்துக்கு வந்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உனக்கு இம்புட்டு வலிச்சுச்சா? எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொன்னேன். நீங்க பிள்ளையப் பாத்துக்கிட்டு இருந்தீக."

அவன் ரோஷினியையும் கூட்டிக்கொண்டு அந்தப் படத்தை அப்பாவிடம் கொண்டுபோனான். ஆடிப்பதினெட்டுக்கு எங்கள் ஊர் அச்சகங்கள் அடுத்த வருடத்து ஆல்பம் வெளியிடும். நானூறு ஐநூறு மாதிரிப் படங்கள் எண் போட்டு இருக்கும். கடைக்காரர்கள் புரட்டிப் பார்த்து, இந்த எண்ணில் இத்தனை என்று ஆர்டர் கொடுப்பார்கள். அந்த வருடம் 214-ஆம் எண் காலியாக இருந்தது. காமராஜ் மூக்குக்கண்ணாடி போடாமல் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். தாய் தெரிந்தாள், பிள்ளை தெரிந்தது. அவருக்கு அது போதும்.

"நல்லாருக்கு தாயி. போட்டுருவோம்."

"ஒரு கோடு மாத்தக்கூடாது மாமா."

"மாத்தலத்தா."

"எம்பேரு கீழ வரணும்."

"ஒம்பேரு வராம? எம்பேரா வரும்?"

அவள் சிரித்தாளாம். பிள்ளை பிறந்து முதல்முறையாக மனசு நிறைந்து சிரித்தேன் என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். ஊரில் ஒவ்வொரு சுவரிலும் அந்த முகம் தொங்கும், பார்க்கிற ஒவ்வொருத்தரும் ஒரு நிமிடமாவது தடுமாறுவார்கள் என்று நினைத்தாள். ஆடிப்பதினெட்டை நாள் எண்ணிக் காத்திருந்தாள்.

[காமராஜைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். கதை வழுக்கிக்கொண்டு ஓடியது. அதனாலேயே கிழித்தேன். அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடி போடவில்லை, அவ்வளவுதான்.]

4

அன்று மத்தியானம் எனக்குப் போன். "புலவரே, ஒரு தாயும் பிள்ளையும். நாலு வரி. சாயங்காலத்துக்குள்ள குடுத்துருங்க."

படத்தைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தாய், பிள்ளை. இதில் பார்க்க என்ன இருக்கிறது? டீ ஆறுவதற்குள் எழுதிவிட்டேன்.

நோவெல்லாம் மறந்துவிட்டாள்
நூறுமடி மலர்ந்துவிட்டாள்
பூவான பிள்ளைமுகம்
பார்த்தபடி சிரிக்கின்றாள்

எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆல்பத்துக்கான எழுத்து ப்ரூஃப் எல்லாவற்றையும் நல்ல நாள் பார்த்து சாமி படத்துக்கு முன்னால் வைத்து, ஒவ்வொரு தாளின் நாலு மூலையிலும் காமராஜ் குங்குமம் வைப்பார். வைத்த பிறகு எழுத்தில் யாரும் கைவைக்கக் கூடாது. ஒரு வருடம் யாரோ ஒரு வரியை மாற்றப்போய் அந்த சீசனே படுத்துவிட்டதாம். குங்குமம் எழுத்துக்கு மட்டும்தான். படத்துக்குக் கிடையாது. ஏன் என்று நான் கேட்டதில்லை. எழுத்து என்னுடையதாயிற்றே!

5

ஆடிப்பதினெட்டுக்கு இரண்டு நாள் முன்னால் எழுத்தையும் ஸ்கேன் செய்த படத்தையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்தார்கள். டிசைன் பிரிவு மாரீஸ்வரன் பலமாகச் சிரித்தான்.

"அண்ணாச்சி, இங்கன வந்து பாருங்க. எழுத்து சிரிக்கான்னு சொல்லுது, படம் மொறைக்கிது."

காமராஜ் வந்தார். இந்தத் தடவை கண்ணாடி போட்டிருந்தார். படத்தையும் எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "எழுத்துல குங்குமம் வச்சாச்சு. படத்துல மாத்திரு" என்றார்.

"அப்பா, மாத்த மாட்டோம்னு அவகிட்டச் சொல்லிருக்கோம்" என்றான் தருண்குமார்.

"அதுக்கு? சாமிக்கு முன்னால வச்சத மாத்தச் சொல்லுதியாலே?" கேட்டுவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். "என்ன புலவரே? நீங்க சொல்லுங்க."

அடுத்து வரும் வாக்கியத்தை மூன்று வரைவுகளில் விட்டுவிட்டேன். நாலாவதில்தான் எழுத முடிந்தது.

"எழுத்து நல்லா அமைஞ்சிருக்கு அண்ணாச்சி" என்றேன்.

வேறு நாலு வரி எழுதித் தருகிறேன், குங்குமத்தை மறுபடி வையுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கேட்டிருப்பார், கேட்கிற நேரத்தில்தான் என்னைக் கேட்டார். ஆனால் எனக்கு அந்தக் கடைசி வரி மேல் ஒரு சபலம். 'பார்த்தபடி சிரிக்கின்றாள்.' என்ன ஓட்டம்! சீ.

6

ரோஷினியைக் கூட்டிவரச் சொன்னார்கள். பிள்ளையோடு வந்தாள். தருண்குமார் தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னான்.

இனி நான் எழுதிப் பார்த்தவை:

(அ) ரோஷினி மூலப்படத்தைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இது என் வலி, இதைத் தொட உங்களுக்கு உரிமை இல்லை" என்று முழங்கினாள்.

(வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? மேடை போட்டுக் கொடுத்தது நான்.)

(ஆ) ரோஷினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காரியாபட்டிக்கு பஸ் ஏறினாள். திரும்பிப் பார்க்கவே—

(பார்த்திருப்பாள். நிறுத்திவிட்டேன்.)

(இ) என் நண்பர் ஒருவர் பத்திரிகையில் இருக்கிறார். கதையைச் சொன்னதும், "சிவகாசிக் கதைங்கிறீங்க, ஒரு வெடிவிபத்து கூட இல்லையே சார்?" என்று கேட்டார். தாயில்பட்டிப் பக்கம் ஒரு ஆலையை வெடிக்க வைத்துவிட்டால் படமும் அச்சகமும் யாருக்கும் ஞாபகம் இருக்காது என்பது உண்மைதான். போனை வைத்துவிட்டேன்.

நடந்தது இது. ரோஷினி பிள்ளையைப் புருசன் கையில் கொடுத்தாள். மாரீஸ்வரனைப் பார்த்து, "எந்திரி" என்றாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் கண்ணைப் பிள்ளை பக்கம் இறக்கினாள். பிறகு வாய்க்கு வந்தாள். பதினோரு நிமிடம். நடுவில் பிரீத்திகா பசிக்கு அழுதது. பிள்ளை அழுத சத்தத்துக்கு அவளுக்குப் பால் சுரந்து, சுடிதாரின் முன்பக்கம் நனைந்துகொண்டே வந்தது. அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் அவள் துப்பட்டாவை இழுத்துவிடக்கூட இல்லை. மௌஸிலிருந்து கையை எடுக்காமல் அந்தச் சிரிப்பை முடித்தாள்.

"சூப்பர் மதனி" என்றான் மாரீஸ்வரன்.

அவள் மூலையிலிருந்த தன் பெயரை அழித்தாள்.

"பேரு இருக்கட்டும் தாயி. நான் வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார் காமராஜ். அவருக்குக் குரல் இறங்கிவிட்டது.

"வேண்டாம் மாமா. வாக்குக் குடுத்தது இந்தப் படத்துக்கு இல்லையே."

பிள்ளையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். கண்ணீர் கரகரவென்று—

7

அந்தக் கண்ணீர் வாக்கியத்தை ஏன் பாதியில் விட்டிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். வரைவை ரோஷினியிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு நினைப்பு எனக்கு.

அதற்குள் தை பிறந்துவிட்டது. அந்த வருடம் எங்கள் ஆல்பத்திலேயே அதிகம் போனது 214-தான். நகைக்கடை எடுத்தது, பிரசவ ஆஸ்பத்திரி எடுத்தது, விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு ஆலை தன் ஆட்கள் எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்தது. காரியாபட்டியில் அவள் தாய்வீட்டு அடுப்படியிலேயே ஒன்று தொங்குகிறது. "இது எம்புட்டு லட்சணமா இருக்கு!" என்று முத்துமாரியம்மாள் சொன்னாளாம்.

ரோஷினி வாசற்படியில் உட்கார்ந்து, மடியில் பிள்ளை தாளைப் பிடித்து இழுக்க இழுக்க, ஒரு பக்கம் விடாமல் படித்தாள்.

"நான் எங்க அழுதேன்ணே?"

"அழலையா?"

"வீட்டுக்கு வந்து பிள்ளைக்குப் பால் குடுத்தேன். பொறவு சோறு தின்னேன். பசிச்சிச்சு." தாளைத் தட்டினாள். "நாலு வரியில சிரிக்க வச்சீக. இப்ப நாப்பது வரியில அழ வைக்கீக. நான் சும்மா இருந்தா ஒங்களுக்கு ஆகாதோ?"

 அதைக் கேட்டும் அடங்காமல், இவ்வளவு நாள் என்னை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே, ஏன் நீயே உட்கார்ந்து மாற்றினாய்?

"மாட்டேன்னா மாரீஸ்வரன் பண்ணிருப்பான். அவனுக்கு வாய் போட வராது. அசிங்கம் பண்ணிருப்பான்." பிள்ளையின் கையிலிருந்த தாளை விடுவித்தாள். "எம்மூஞ்சியக் கெடுக்கணும்னா நானே நல்லாக் கெடுத்துட்டுப் போறேன்னு உக்காந்தேன்."

அப்போதுதான் நான் அந்த விஷயத்தை அவளிடம் ஒப்புக்கொண்டேன். உங்களிடமும் ஒப்புக்கொள்கிறேன். மூலப்படத்தை நான் பார்த்ததே இல்லை. எழுதும்போது பார்க்கவில்லை. அவள் மாற்றிய அன்று மானிட்டருக்குப் பின்பக்கம் ப்ரூஃப் மேஜையில் இருந்தேன். எனக்கு அவள் முகம் தெரிந்தது, படம் தெரியவில்லை. நாலு எட்டு நடந்தால் பார்த்திருக்கலாம். நடக்கவில்லை. கடித்த பல், கோணிய வாய், நேரே பார்க்கிற கண் என்று மேலே எழுதியிருப்பதெல்லாம் மாரீஸ்வரன் வாய்வழியாகக் கேட்டதும், நானாகக் கோத்ததும்.

"படம் இருக்காம்மா?"

"பீரோல இருக்கு."

"ஒருதடவ காட்டுனா, கதையில அதையாச்சும் சரியா எழுதிருவேன்."

ரோஷினி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குத் தேவலாம் போல் இருந்திருக்கும்.

"பாக்காமத்தான எழுதுனீக? பாக்காமலே முடிச்சுக்கோங்க."

வரைவை என் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

8

முடிக்க எனக்கு வழியில்லை. 'அந்த வாய்' என்று தொடங்கி எத்தனையோ வாக்கியம் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் காலண்டருக்குக் கீழே போடுகிற மாதிரித்தான் வருகிறது. கை பழகிவிட்டது.

நீங்கள் பிள்ளை பெற்றவராக இருந்தால், மூன்றாம் நாள் அந்த நேரத்தில் உங்கள் வாய் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை இங்கே நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். எழுதிவிடுவேன்.