தேய்ந்த விரல்

"மெசின் பொய் சொல்லாது அம்மா. உங்கடை மனிசன் விரல் வைச்சுத்தான் மூண்டு லட்சமும் எடுத்திருக்கிறார்," என்றார் வங்கி மேலாளர்.

மீன்பிடிப் போட்டுக்குப் புது எஞ்சின் வாங்க ஆறு வருடமாகச் சேர்த்த காசு அது.

என் கணவர் சவிரிமுத்துவின் விரல்கள் நாற்பது வருடம் கயிறு இழுத்துத் தேய்ந்தவை. கணக்குத் திறக்கக் குருநகர்த் துறைக்கு வந்த வங்கி ஊழியன் கஜீவனின் மெசினில் அவருடைய ரேகை பதியவே இல்லை. "இப்போதைக்கு என்ரை விரலை வைக்கிறன் ஐயா, பிறகு மாத்துவம்," என்றான். அன்றைக்குள் நூறு கணக்குத் திறக்க வேண்டுமாம். நாங்களும் தலையாட்டினோம், மடையர்கள்.

இப்போது பக்கத்தில் இருந்த கணவரின் பெருவிரலைப் பிடித்து, மேலாளரின் மேசையிலிருந்த மெசினில் அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. விரலைச் சேலையில் துடைத்து மறுபடி அழுத்தினேன். மறுபடியும் சிவப்பு.

"பாத்தீங்களே சேர்? இவர் எப்பிடி எடுத்திருக்க ஏலும்?"

"விரல் பொருந்தேல்லையே. அப்ப இது உங்கடை கணக்கெண்டு நான் எப்பிடி நம்பிறது?"

"உவன்ரை விரலை வைக்கச் சொல்லுங்கோ!" கதவருகே நின்ற கஜீவனைக் காட்டிக் கத்தினேன்.

கஜீவன் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டான். மேலாளர் மெசினை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.