நேராகிப்போன கட்டங்கள்

பள்ளிச் சீருடைக் கடையில் துணி வெட்டும் மேசை அக்காவுடையது. அவள் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டால் மறுபேச்சு கிடையாது. ஸ்கேலம்மா என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். அவளுக்கும் அது பிடித்திருந்தது.

தங்கை, தன் கணவர் இறந்தபின், இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போக வந்தாள். மழைக்காலம் போய் வெயிலும் வந்துவிட்டது. அவளுடைய பெட்டி மட்டும் இன்னும் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. துணியை அதிலிருந்து எடுப்பாள். துவைத்து மடித்து அதிலேயே வைப்பாள். இங்கேயே இருந்துவிடேன் என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. இரக்கப்பட்டுச் சொல்கிறாள் என்று நினைத்து மறுநாளே கிளம்பிவிட்டால்?

நூலகத்து மாடியில், துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் ஒட்டுப்போர்வை வகுப்பு ஆரம்பித்தபோது தங்கை போய்ச் சேர்ந்தாள். பூப்போட்ட துணி, கோடு போட்ட துணி எதுவும் கூடாது. ஒரே நிறத் துணிகள்தான். வரைந்துகொள்ளவும் கூடாது. மனம்போல வெட்டி, தைத்து, தள்ளி நின்று பார்த்து, மறுபடி வெட்ட வேண்டும்.

"ஸ்கேல் இல்லாம எப்படிடி?"

"கண்ணாலதான்."

"கண்ணு கோணிச்சுன்னா?"

"கோணட்டும்னுதான் டீச்சரே சொல்றாங்க."

"நல்ல டீச்சர். எங்க கடைக்கு வந்தா ஒரே நாள்ல சீட்டு கிழிஞ்சிரும்."

அக்கா, கடையில் மிஞ்சியதைச் சேர்த்துவைத்த துண்டுத் துணிப் பையை நீட்டினாள். கருநீலம், காக்கி, அரக்குச் சிவப்பு.

"ஐயோ வேணாம்க்கா. பாத்தாலே வீட்டுப்பாடம் ஞாபகம் வருது."

"சரி, போர்வை யாருக்கு?"

"இந்தக் கட்டிலுக்குத்தான்."

அந்தப் பதிலை அக்கா அன்று முழுவதும் மனதில் வைத்திருந்தாள். போகப்போகிறவள் கட்டிலுக்குப் போர்வை தைப்பாளா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை காய்கறி வாங்கப் போனாள். தைத்த கட்டங்கள் தரையில் பரப்பிக் கிடந்தன. பச்சை, ஆரஞ்சு, சாம்பல். ஒன்றுகூட நேராக இல்லை. அக்காவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. உதவிதானே என்று உட்கார்ந்தாள். இருப்பதில் சிறிய கட்டத்தை அளவாக வைத்து மற்றதையெல்லாம் அதற்குச் சமமாக நறுக்கினாள். நறுக்கியதைக் குப்பையில் போட மனம் வராமல் தன் பையில் போட்டாள்.

தங்கை வந்து பார்த்தாள். கட்டங்களை எடுத்துக் கட்டில்மேல் அடுக்கினாள். நாலு பக்கமும் மெத்தை தெரிந்தது.

"நல்லா நேரா இருக்கு" என்றாள். "ஒரு பொம்மை வாங்கிப் போத்திவிடலாம்."

அக்கா அப்போதுதான் பார்த்தாள். கட்டிலுக்கென்று தைத்ததைக் கட்டிலுக்கு ஆகாமல் வெட்டிவிட்டாள்.

"தப்புப் பண்ணிட்டேன்டி."

"நறுக்கினதெல்லாம் எங்க?"

அக்கா பையைக் கொண்டுவந்தாள். தங்கை அதைத் தரையில் கவிழ்த்தாள். பச்சையும் ஆரஞ்சுமான கோணல் கீற்றுகள் கருநீலத்தின்மேலும் அரக்கின்மேலும் விழுந்தன. தங்கை தள்ளிப்போய் நின்றாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அந்தக் கருநீலம் மேல ஆரஞ்சைப் பாரேன்."

"வீட்டுப்பாடம்னியே."

"சும்மா இரு. கத்தரியை எடு, கருநீலத்துல ஒரு பட்டை வெட்டு. ஸ்கேலைத் தொடாத."

அக்கா வெட்டினாள். நூல் பிடித்ததுபோல் போனது.

"நேரா போகுது பாரு."

"அதுவா போகுதுடி, நான் என்ன பண்றது?"

"துணியைப் பாக்காத. என்னைப் பாத்துப் பேசிக்கிட்டே வெட்டு."

"விரல் போயிடும்."

"விரலும் கொஞ்சம் கோணலாத்தான் இருக்கு. போனாப் போகுது."

அக்கா சிரித்தாள். கத்தரி ஒரு பக்கம் ஒதுங்கியது. பட்டை ஒரு முனையில் தடித்து மறுமுனையில் மெலிந்து வந்தது. தங்கை அதை வாங்கி, நேராகிப்போன இரண்டு கட்டங்களுக்கு நடுவில் வைத்தாள். இரண்டும் சற்று அசைந்ததுபோல் இருந்தது.

வெயில் சாயும்வரை ஒருத்தி வெட்டினாள், ஒருத்தி தைத்தாள். போர்வை கட்டிலின் மூன்று ஓரங்களை எட்டியது. சுவர்ப்பக்கம் மட்டும் குறைந்தது.

"இங்க மஞ்சள் வேணும்" என்றாள் தங்கை.

குனிந்து பெட்டியை வெளியே இழுத்தாள். அக்கா கத்தரியைக் கீழே வைத்தாள். தங்கை துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். அடியில் கிடந்த மஞ்சள் சட்டையை உதறி அக்காவிடம் நீட்டினாள்.

"இதை வெட்டு."

"நல்ல சட்டைடி."

"வெட்டுக்கா."

அக்கா வெட்டினாள். தங்கை தைக்க உட்கார்ந்தாள். பெட்டி காலியாகத் திறந்தே கிடந்தது.

"அலமாரில கீழ்த்தட்டு சும்மாதான் கிடக்கு" என்றாள் அக்கா, கத்தரியைப் பார்த்தபடி.

"தெரியும். வந்த அன்னிக்கே பாத்தேன்."

"அப்புறம் ஏன் வைக்கல?"

தங்கை நூலைப் பல்லால் கடித்தாள்.

"நீ சொல்லல."