திண்டிவனம் எங்கேஜ்டு

கோதண்டபாணிக்கு வயிறு எரிந்தது. திண்டிவனத்து நம்பர் அன்றைக்கும் எங்கேஜ்டு.

அவன் விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். எண்பத்தொன்பதில் அந்த ஊர்க்காரர்கள் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார்கள். இவனோ மோடம் வாங்கி மாட்டி, ஒரு புல்லட்டின் போர்டே நடத்தினான். கம்ப்யூட்டரும் மோடமும் உள்ளவர்கள் எந்த ஊரிலிருந்தும் போன் போட்டு உள்ளே வரலாம், சேதி படிக்கலாம், எழுதி வைக்கலாம். இருப்பது ஒரே லைன் என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான். கோட்டக்குப்பத்து நண்பர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பிளாப்பியில் கிடைத்த மென்பொருள் அது. எழுதிய புண்ணியவான் சோர்ஸ் கோடையும் சேர்த்தே கொடுத்திருந்ததால் மெனு, நிறம், வரவேற்பு என்று எதையும் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பெருந்தன்மை தலைக்கேறிய ஒரு நாளில் அதில் ஒரு காப்பியைச் சீனுவாசனுக்குக் கொடுத்துத் தொலைத்தான். முன்பு மெட்ராஸில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். சீனு திண்டிவனத்தில் தனியாகச் சென்டர் வைத்ததோடு நில்லாமல், தனியாகப் போர்டும் ஆரம்பித்துவிட்டான்.

இரண்டு சென்டரிலும் பகலில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தத்தான் சரியாக இருக்கும். போர்டு திறப்பது மாலை ஏழு மணிக்கு. எஸ்டிடி கட்டணம் பாதியாகக் குறைவதும் அப்போதுதான். கோதண்டபாணி தன் போர்டைத் திறப்பான். இரண்டு நிமிடம் திரையை முறைப்பான். ஈ காக்கை வராது. உடனே அதை மூடிவிட்டு, அங்கே இதுவரை எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று வேவு பார்க்கத் திண்டிவனத்துக்கு டயல் செய்வான். எங்கேஜ்டு. மறுபடி டயல் செய்வான். எங்கேஜ்டு. கடை கட்டும்வரை இதே பிழைப்பு.

அப்படி என்னத்தைத்தான் வைத்திருக்கிறான் அந்தப் பயல்? மெட்ராஸிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் சீனுவின் போர்டுக்கு முண்டியடிப்பதுபோல் நினைத்து நினைத்து இவனுக்குத் தூக்கம் போயிற்று. தன் போர்டில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையின் விலையைச் சேர்த்தான். பஸ் நேரம் சேர்த்தான். திருவக்கரைக் கோயில் பௌர்ணமி பூசையைச் சேர்த்தான். மெனுவை மஞ்சளாக்கிப் பார்த்தான், பச்சையாக்கிப் பார்த்தான். ஒருவரும் வரவில்லை.

"அந்தாளு போர்டுக்கு எத்தினி பேரு வந்தா ஒங்களுக்கு இன்னா? சோத்தத் துன்னுங்க மொதல்ல" என்றாள் மனைவி ஜெயம்.

"நான் குடுத்த சாமான்டி அது!"

வைகாசியில் விக்கிரவாண்டியில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தவன் சீனு. கண்ணெல்லாம் குழி விழுந்து இளைத்திருந்தான்.

"ஒங்களப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குதுண்ணே" என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னான். "ஏழு மணிக்குக் குந்துனா, கடை மூட்ற வரைக்கும் ஒங்க நம்பருக்கே டயல் பண்ணிக்கினு இருக்கேன். ஒரு நாளாவது லைன் கெடைக்கணுமே! அப்புடி இன்னாண்ணே கூட்டம்?"

கோதண்டபாணி அப்பளத்தை இலையில் வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தான். இவன் அங்கே டயல் செய்த நேரமெல்லாம் அவன் இங்கே டயல் செய்திருக்கிறான். இரண்டு லைனையும் அடைத்துக்கொண்டு கிடந்தது இவர்களேதான். வேறு எவனாவது வர நினைத்திருந்தாலும் எங்கேஜ்டு டோனைக் கேட்டுவிட்டுத் திரும்பியிருப்பான்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் சிரித்துவிட்டுப் பாயசம் குடித்திருக்கலாம். ஆனால் தன்னைப் பார்த்து ஒருத்தன் பொறாமைப்படுவது இத்தனை ருசியாக இருக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. அதை விட மனம் வரவில்லை.

"இன்னா பண்றது சீனு? பாண்டிச்சேரிலேர்ந்துகூட வர்றாங்க. பேஜாராப் போச்சு" என்றான்.

அன்று மாலை போர்டைத் திறந்துவிட்டு, எங்கும் டயல் செய்யாமல் ஹாயாகக் காலை நீட்டி உட்கார்ந்தான். திண்டிவனத்தில் வேவு பார்க்க இனி என்ன இருக்கிறது? சற்று நேரத்தில் போன் அடித்தது. மோடம் தானாக எடுத்துக் கிறீச்சிட்டது. தன் லைன் இன்றைக்குக் காலியாக இருக்கிறது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

திரையில் பெயர் விழுந்தது: சீனுவாசன், திண்டிவனம். அதன் கீழே, போன வாரம் இவனே ஆசையாகச் சேர்த்த வரவேற்பு ஓடியது. "வருக! இந்தப் போர்டுக்கு வந்தவர்களில் தாங்கள் 1-வது நபர்."

பந்தியில் கோதண்டபாணி விட்ட புளுகு பல்லிளித்தது. ஒயரைப் பிடுங்கிவிடலாம் என்று கையைக் கொண்டுபோனான். அதற்குள் சீனு படிக்க ஆரம்பித்திருந்தது திரையில் தெரிந்தது. மல்லாட்டை விலையைப் படித்தான். பஸ் நேரத்தை ஒன்றுவிடாமல் படித்தான். பௌர்ணமி பூசையையும் விடவில்லை. இதையெல்லாம் இதுவரை ஒருவரும் படித்ததில்லை. கை ஒயரிலேயே நின்றுவிட்டது.

பிறகு, நேருக்கு நேர் டைப் செய்து பேசும் இடத்துக்கு வந்து சீனு அடித்தான்.

"அண்ணே, என்னுதுல இன்னும் சைபர்தான்."

கோதண்டபாணிக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. இவனுக்கு ஒன்று, அவனுக்குச் சைபர். அடுத்த நொடியே அந்தச் சந்தோஷம் அவனுக்கே அசிங்கமாக இருந்தது. ஒயரை விட்டுவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக அடித்தான்.

"நீ போனை வையி சீனு. ஒன் போர்டுக்கு நான் கூப்புடறேன்."