ஒரு பக்கம் வெந்த மீன்

நாளைக்கு இவளும் போய்விடுவாள், அப்புறம் என்னைக் கேட்க ஆளே இருக்காது என்று அவள் நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் உள்ளே ஏதோ இளகியது. அது நிம்மதி என்று தெரிந்ததும் தன்னைக் கண்டே அவளுக்குப் பயம் வந்தது. பெற்ற பெண் பெட்டி கட்டும்போது எந்தத் தாய்க்காவது நிம்மதி வருமா? வீட்டின் பின்புறம், இரும்புக் கிரில் அடுப்பின் மேல், மீன் வெந்துகொண்டிருந்தது. ஒன்பது வருடமாக அதே கரியில் அதே மீன் வெந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் மட்டும்.

அந்தக் குடும்பத்தில் முழு மீனைச் சுடுவதற்கு ஒரு சட்டம் இருந்தது: வைத்த கைதான் திருப்ப வேண்டும். சட்டம் பிறந்த கதை சிரிப்பானது. கல்யாணமான புதிதில் அவள் கம்பியில் வைத்த மீனை, அவள் உள்ளே போன நேரம் பார்த்து அவள் புருஷன் திருப்பப் போக, பாதித் தோல் கம்பியோடு ஒட்டிக்கொண்டது. அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் நெம்பித் தூக்கியே பழகியவர். தோல் வெந்ததும் மீன் தானாகக் கம்பியை விடும், அதுவரை பொறுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. ஒரு வாரம் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சமாதானமானபோது செய்துகொண்ட ஒப்பந்தம்தான் அந்தச் சட்டம். பெண்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டே வளர்ந்தார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அன்றைக்கு மீனை வைத்தவள் பெரியவள். முழங்கை நீளக் கொடுவா. செவுளை எடுத்து, வயிற்றைக் கழுவி, இரண்டு பக்கமும் கீறி, உப்புத் தேய்த்து, கம்பிக்கு எண்ணெய் தடவி வைத்தாள். வைத்த பிறகுதான் வீட்டில் எலுமிச்சம்பழம் இல்லை என்று தெரிந்தது. "வாங்கிட்டு வந்துடறேன். யாரும் கை வைக்காதீங்க. அப்பா, உங்களைத்தான் சொல்றேன்," என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். அவள் திரும்பி வரவில்லை. ஸ்கூட்டர் மட்டும் ஆற்றுப் பாலத்தின் ஓரத்தில் ஸ்டாண்ட் போட்டு நின்றது. ஹெல்மெட் கண்ணாடியில் மாட்டியிருந்தது. கொக்கியில் தொங்கிய பையில் எலுமிச்சம்பழங்கள் இருந்தன. ஆற்றில் படகு விட்டுத் தேடினார்கள். செருப்புகூடக் கிடைக்கவில்லை.

கரையிலிருந்து அவர்கள் மறுநாள் வீடு திரும்பியபோது மீன் அப்படியே இருந்தது. கருகவில்லை, கெடவில்லை, கரி குறையவில்லை. அந்த வாரம் பெய்த மழை கிரில்லைச் சுற்றிப் பெய்தது. புகை வருகிறது என்று புகார் போய், தீயணைப்புக்காரர்கள் வந்து குழாயைத் திருப்பினார்கள். தண்ணீர் கரியின் மேல் விழுந்து, அதை நனைக்காமல் வழிந்து போனது. அவர்களில் மூத்தவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, "பக்கத்துல துணி கிணி காயப் போடாதீங்கம்மா," என்று மட்டும் சொல்லிப் போனார். முதல் வருடம் தெருப்பூனைகள் சுற்றிலும் உட்கார்ந்து காத்திருந்தன. அவை போட்ட குட்டிகளும் கொஞ்ச நாள் காத்திருந்தன. அந்தக் குட்டிகளின் குட்டிகள் மீன் வாசனைக்குத் தலையைக்கூடத் திருப்புவதில்லை. மாடி வீட்டுப் பல் டாக்டர் தீப்பெட்டி வாங்குவதை நிறுத்திவிட்டார். சிகரெட்டோடு கீழே இறங்கி வருவார். தன் வாழ்நாளில் ஒரு மீன்கூட விற்றிராத அந்தத் தாய்க்கு மீன்காரம்மா என்று தெருவில் பெயர் நிலைத்தது.

மீன்காரம்மாவுக்கு வேலை லாண்டரியில். ஓட்டல் படுக்கை விரிப்புகளை உருளை இயந்திரத்துக்குள் கொடுத்து மறுபக்கம் சூடாக வாங்கி மடிப்பாள். யார் யாரோ படுத்து எழுந்த சுருக்கமெல்லாம் கண்ணெதிரே நேராகிவிடும். கை அதைச் செய்துகொண்டிருக்க, மனம் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும். சாகப் போகிறவள் எலுமிச்சம்பழம் வாங்குவாளா? கடைக்காரர், அவள் அழுத்திப் பார்த்துப் பொறுக்கி எடுத்தாள் என்றார். சாகப் போகிறவள் பொறுக்கியா எடுப்பாள்? அப்படியென்றால் கடைக்கும் பாலத்துக்கும் நடுவில் என்ன நடந்தது? காலையில் அவள் சாப்பிடாமல் எழுந்தாளே, அதை நான் ஏன் கேட்கவில்லை? வேலை முடிந்து வந்ததும் அவள் கிரில் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்காருவாள். மேலே தெரிந்த மீன்கண் சந்தையில் வாங்கியபோது இருந்தது போலவே தெளிவாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடியில் இருந்த கண் எப்போதோ வெந்து வெளுத்திருக்கும். ஒரு கண்ணுக்கு எல்லாம் முடிந்துவிட்டது, இன்னொரு கண்ணுக்கு எதுவுமே தெரியாது. அவள் மேல்கண்ணோடு வாழப் பழகிக்கொண்டாள்.

சின்னவள் அந்தப் புகையில் வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளோடு யாரும் ஒட்டி உட்காரவில்லை. வயதுக்கு வந்ததும் தலைக்கு மூன்று முறை ஷாம்பு போட்டாள், புகை வாசனை போகவில்லை. பரீட்சையில் முதலாவதாக வந்த நாளில் வீட்டுக்கு ஓடிவந்து சொன்னாள். அம்மா "நல்லதும்மா" என்றாள், கிரில்லைப் பார்த்தபடி. அதற்குப் பிறகு அவள் எதையும் ஓடிவந்து சொல்லவில்லை. லிஃப்ட் மெக்கானிக் மனைவியிடம் ஒரே ஒரு முறை பேசிப் பார்த்தார். "ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோன லிஃப்ட்டை மேலயோ கீழயோ கொண்டுபோயே ஆகணும். அப்படியே விட்டா உள்ள இருக்கறவங்களுக்கு மூச்சு முட்டும்." உள்ளே இருப்பது யார் என்று அவளுக்கும் தெரியும். அவள் முக்காலியைக் கிரில்லுக்கு இன்னும் அருகே நகர்த்திப் போட்டாள். அவர் சாயங்காலங்களில் தாமதமாக வர ஆரம்பித்தார்.

சின்னவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. புறப்படுவதற்கு முந்தின நாள், வெயில் தாழ்ந்த நேரத்தில், அவள் மூன்று தட்டுகளோடு பின்புறம் வந்தாள். பின்னாலேயே அப்பாவும் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, திருப்பிடலாம்மா. மூணு பேரும் சேர்ந்து சாப்பிடலாம். ஒரு தடவை. அப்புறம் நான் திரும்பி வர எத்தனை வருஷமாகுமோ."

"வெச்ச கைதான் திருப்பணும்."

"எனக்கும் அதே கைதாம்மா. பாரு," என்று சின்னவள் கையை நீட்டினாள். நீளமான விரல்கள். சுண்டுவிரல் உள்பக்கம் கொஞ்சம் வளைந்திருந்தது. பெரியவளுக்கும் அப்படித்தான்.

அம்மா பார்த்தாள். சின்னவள் தட்டையான கரண்டியை எடுத்து மீனுக்கு அடியில் மெல்லச் செலுத்தினாள். தோல் கிழியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் செலுத்தினாள். கரண்டி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. எங்கும் ஒட்டியிருக்கவில்லை. இலை மேல் வைத்தது போல மீன் கம்பியின் மேல் சும்மா கிடந்தது.

"ஒட்டவே இல்லம்மா," என்றாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

"ம்."

"எப்பலேருந்து?"

"முதல் மாசமே."

அப்பா சுவரிலிருந்து கையை எடுத்தார். இத்தனை வருடமும் மீன் கம்பியை விடவில்லை என்றுதான் அவர் நம்பியிருந்தார். அதனால்தான் பொறுத்திருந்தார். "அடிப்பாவி," என்றார், மெதுவாக, திட்டுவது போல அல்ல.

"அப்ப நான்?" என்றாள் சின்னவள். அழவில்லை. "அக்கா வரமாட்டாம்மா. நான் வந்து நிக்கறேன் பாரு. எனக்காகத் திருப்ப மாட்டியா?"

மீன்காரம்மாவுக்கு அந்தக் கேள்வி முழுசாகப் புரிந்தது. சரி என்றால் ஒரு பெண் கிடைப்பாள். இன்னொருத்தி அந்த நிமிடத்தில், இந்தக் கம்பியின் மேல், செத்துப்போவாள். வேண்டாம் என்றால் இரண்டு பேரும் இல்லை. எந்தத் தராசில் வைத்தாலும் எது சரி என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். அவளுக்கும் தெரிந்தது. தெரிந்தேதான் அவள் எழுந்தாள், மகளின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக் கரண்டியை வாங்கினாள், மீன் அசையாமல் அதை வெளியே இழுத்தாள்.

"இருக்கட்டும்மா," என்றாள்.

சின்னவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சமையலறைக் குழாய் வெகுநேரம் ஓடியது. மாடியிலிருந்து பல் டாக்டர் இறங்கி வந்து, குனிந்து கரியில் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, நாளைக்குக் காற்று தெற்கே திரும்பும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.