பன்னிரண்டு மணிச் சங்கு

அப்பா குதிருக்குள் இறங்கியபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் இறங்குவார்கள்.

அது ஈரத்தோடு அறுத்த மக்காச்சோளம். பிப்ரவரிக்குள் தகரக் குதிரில் பாறைபோல் கட்டிதட்டிப்போயிருந்தது. அடியில் டிராக்டர் சுழற்றுகிற திருகுக்குழாய் சோளத்தை இழுத்து வண்டியில் கொட்டும். கட்டி அடைத்துக்கொண்டால் ஒருவர் உள்ளே நின்று மண்வெட்டியால் குத்திவிட வேண்டும். குழாயை நிறுத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நிறுத்தினால் வேலை இரண்டு மடங்காகும் என்பதும் தெரியும்.

நான் டிராக்டர் அருகில் நின்றேன். உள்ளே குத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று கேட்கவில்லை. டிராக்டரை அணைத்துவிட்டு ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தேன்.

அப்பா கையில் மண்வெட்டியோடு மார்பு வரை சோளத்தில் புதைந்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்குக் கட்டிச் சோளம் சுவர்போல் நின்றது.

"உள்ள வராத," என்றார். "நீ கால வெச்சா அந்தச் சுவரு நம்ம ரெண்டு பேர் மேலயும் விழும்."

"கயிறு போடட்டுமாப்பா?"

"கயித்தால இழுத்தா என் கை மட்டும்தான் வரும்." சிரிக்கப் பார்த்தார். மூச்சு விடும்போதெல்லாம் சோளம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அடுத்த மூச்சு சிறிதாகிவிட்டது. "ஃபோன் செத்து மூணு நாளாச்சு. நீதான் ஊருக்குப் போகணும் கண்ணு."

என் முகத்தைப் பார்த்தார்.

"பேச வேணாம். தீயணைப்புக் கொட்டகைச் சுவத்துல சிவப்புப் பொத்தான் இருக்கில்ல, அத அமுக்கு. சங்கு ஊதும். ஆளுங்க தானா ஓடி வருவாங்க. மில்லர்ட் வந்ததும் நம்ம வீட்டுப் பக்கமா கையக் காட்டு. போதும்."

அதை அவர் எனக்காகச் சொன்னார். எங்கள் ஊரான ஆர்லீட்டாவில் பள்ளிக்கூடம் இருந்தவரை என் திக்குவாயோடு நான் எப்படியோ சமாளித்தேன். வகுப்பில் ஆறு பேர்தான். ஊருக்கு வந்த ரயில் முன்பே நின்றுவிட்டது, தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு எதற்குப் பள்ளி என்று போன வருடம் அதையும் மூடி, இருபத்தாறு மைல் தள்ளி இருக்கிற பெரிய பள்ளியோடு சேர்த்தார்கள். அங்கே ஒருநாள் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். முதல் எழுத்து தொண்டையை விட்டு வரவில்லை. முப்பது பேர் காத்திருந்தார்கள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு நான் பேருந்தில் ஏறவில்லை. அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலை எனக்கும் ஒரு ஜோடிக் கையுறை எடுத்து வைத்திருந்தார்.

ஊர் நான்கு மைல். அம்மா முதியோர் இல்லச் சமையல் வேலைக்குக் காரில் போயிருந்தாள். நான் டிரக்கை எடுத்தேன். சாலையெல்லாம் உறைபனி. பாலத்தருகே வண்டி ஒருமுறை பக்கவாட்டில் சறுக்கி நின்றது.

கடைத்தெருவில் டெல்லா உணவுக்கடை வாசலில் ஏழெட்டு டிரக்குகள் நின்றன. மில்லர்டின் சிவப்பு டிரக்கும் நின்றது. தானியக் கிடங்கு நடத்துபவர் அவர், தீயணைப்புப் படைக்கும் அவர்தான் தலைவர். ஜன்னல் வழியே அவர் தொப்பி தெரிந்தது. கதவைத் திறந்து இரண்டு வார்த்தை சொன்னால் போதும்.

நான் நிறுத்தாமல் போனேன். போய்ப் பொத்தானை அமுக்கினேன்.

சங்கு எழுந்து ஊரை நிறைத்து இறங்கியது. ஒருவரும் ஓடி வரவில்லை. எதிரே முடிவெட்டும் ஹோபர்ட் கதவிலிருந்த அட்டையைத் திருப்பிவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். ஒரு பெண் பனியில் விளையாடிய பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அப்போதுதான் வங்கிக் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம் இருந்தது.

நாற்பத்தேழில் கடைத்தெருவில் பாதி எரிந்தபோது வாங்கிய சங்கு அது. கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் தினமும் பன்னிரண்டுக்கு ஊத வைத்தார்கள். பிறகு அது சாப்பாட்டுச் சங்காகிவிட்டது. நான் பிறந்ததிலிருந்து அதைக் கேட்டுத்தான் சாப்பிடுகிறேன். அப்பாவும் அப்படித்தான். எங்கள் இருவருக்குமே அது நினைவுக்கு வரவில்லை.

நான் நின்றுகொண்டிருக்கும்போதே சங்கு தானாக இன்னொரு முறை ஊதியது. அது ஓய்ந்ததும் நான் மறுபடி அமுக்கினேன். கையை எடுக்காமல் அமுக்கினேன்.

சட்டைக் கழுத்தில் துணி செருகியபடி எல்டன் தெருவைக் கடந்து வந்தார். ஊர்த் தண்ணீரும் சங்கும் அவர் பொறுப்பு. மெதுவாகத்தான் வந்தார்.

"ஏ பொண்ணு, கைய எடு! பனியில சங்கோட மணிப்பொறி கெட்டு நேத்தே மூணு தடவ ஊதித் தொலைச்சுது. ஊரே என்னத் திட்டுது. நீ வேறயா?"

நான் வாயைத் திறந்தேன்.

"ஆல்வின் பொண்ணுதானே நீ? வாயில என்ன, கொலாச்சி பன்ன அடைச்சு வெச்சிருக்கியா?"

எங்கள் வீட்டுப் பக்கமாகக் கையைக் காட்டினேன்.

"என்ன, உங்கப்பன் வரானா? வரட்டும். சாப்பாடு ஆறுது."

அவரைத் தள்ளிவிட்டு ஓடினேன். டெல்லா கடைக்குள் நுழைந்ததும் யாரோ சிரித்தார்கள். "அடடே, சங்கூதுற பொண்ணே வந்தாச்சு! சாப்பிட எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டியா?"

"சும்மா இருங்கய்யா," என்றாள் டெல்லா. "புள்ள நடுங்குது. என்ன கண்ணு வேணும்?"

எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். முதல் எழுத்து வரவில்லை. யாரோ காப்பியைக் கலக்கினார். மில்லர்டின் முன்னால் குழம்பு ஊற்றிய மாட்டிறைச்சித் தட்டு இருந்தது. அதை எடுத்துத் தரையில் அடித்தேன்.

"அப்பா," என்றேன். "குதிரு."

நாற்காலிகள் சரிந்தன. அதற்கு மேல் எதையும் அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் வெளியே வந்தபோது வங்கிக் கடிகாரத்தில் பன்னிரண்டு எட்டு.

குதிரின் இரண்டு பக்கமும் ரம்பத்தால் அறுத்தார்கள். சோளம் பனியின்மேல் மஞ்சளாகக் கொட்டியது. முப்பது பேர் மண்வெட்டியாலும் வெறுங்கையாலும் வாரினார்கள். ஏணியில் ஏற என்னை விடவில்லை. சுவர் விழுந்திருந்தது என்பதை அவர்கள் முகத்திலிருந்து தெரிந்துகொண்டேன். ஒன்றரை மணிக்கு அப்பாவை வெளியே எடுத்தார்கள். மில்லர்ட் தன் கோட்டை அவர் முகத்தில் போட்டார்.

"நீ கெளம்பின உடனேயே விழுந்திருக்கும்மா," என்றார் என்னிடம். "நீ பறந்து வந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது."

அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். நானும் இரண்டு நாள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்த மாலை தபால்காரர் லெஸ்டர் வந்தார். தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு சமையலறையில் நின்றார். அம்மா உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

"அன்னைக்கு உங்க பெட்டியில கடுதாசி போட்டேன்," என்றார். "குதிருக்குள்ள ஆல்வின் தகரத்தத் தட்டிட்டிருந்தான். கட்டிய உடைக்கிறான்னு நெனச்சேன். எல்லாரும் அப்படித்தானே தட்டுவோம்? அப்ப ஊர்ச் சங்கு கேட்டுது. காத்தில்லாத நாளு, நல்லாவே கேட்டுது. சங்கு ஊதினதும் அவன் தட்டுறது வேகமாச்சு. ரெண்டாவது ஊதினப்ப இன்னும் வேகமா. சாப்பிடக் கெளம்ப அவசரப்படறான்னு சொல்லிச் சிரிச்சிட்டு நான் போயிட்டேன்."

லெஸ்டர் அழுதார். நான் அவருக்குக் காப்பி ஊற்றினேன். டெல்லா கடையை நான் தாண்டிப் போனதை அவரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. சொல்ல நினைத்தபோது பழையபடி முதல் எழுத்து வரவில்லை.

சங்கை நிறுத்திவிடலாமா என்று ஊர்க்கூட்டத்தில் பேசினார்களாம். யாரும் கை தூக்கவில்லை. இப்போதும் பன்னிரண்டுக்கு ஊதுகிறது. டெல்லா கடையில் உடனே ஒருவரும் தட்டைத் தொடுவதில்லை. எல்டன் எழுந்து, கழுத்துத் துணியோடு கதவைத் திறந்து, கொட்டகைச் சுவரருகே யாராவது நிற்கிறார்களா என்று பார்க்கிறார். அவர் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் சாப்பிடுகிறார்கள்.