ஒரு ஆள் கேட்கும் தூரம்

"வீட்ல எத்தன பேரு?" என்று ஸ்பீக்கர் கடைக்காரர் கேட்டார். "அஞ்சு பேரு" என்று டெய்லரம்மாவின் வாயிலிருந்து பொய் தானாக வந்து விழுந்தது. மூன்று வருடத்துக்கு முன் கேட்டிருந்தால் அது உண்மை. அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள், அவள். அண்ணனுக்கு மாற்றலாகிப் போனபின் அந்த வீட்டில் மிச்சம் அவளும், ஜன்னல் திரைகள் தைக்கும் மெஷினும்தான்.

"அஞ்சு பேருன்னா இதுதான் சரி" என்று இடுப்புயர ஸ்பீக்கர் இரண்டைக் காட்டினார். கடையில் அது கணீரென்று பாடியது. வீட்டுக்கு வந்ததும் அதற்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பாடுகிறவளின் குரல் போர்வைக்குள்ளிருந்து வந்தது. கனத்த அடிச்சத்தம் மட்டும் மூலையில் தும் தும் என்று இடித்தது. நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போன் செய்தாள்.

கடைக்காரரே வந்தார். ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை கையைத் தட்டினார். கிணற்றில் போட்ட கல்லாக அந்தச் சத்தம் அடங்கிப்போனது. மூன்று சுவரிலும் கூரை வரை திரைத்துணிச் சுருள்கள்.

"ஸ்பீக்கர் மேல தப்பில்லக்கா. என் கடைல பளிங்குத் தரை, சுத்திக் கண்ணாடி. சத்தம் பட்டுப் பட்டுத் திரும்பி வரும். இங்க பாதிய உங்க துணியே சாப்பிட்டுடுது. மூலைல வெச்சதால அடிச்சத்தம் வேற உப்பிப்போய் நிக்குது."

"இப்ப என்னதான் பண்றது?"

"சுருள்ல பாதிய உள் ரூமுக்கு மாத்துங்க. ஸ்பீக்கரயும் முன்னால நகத்திட்டா குரல் தெறந்துக்கும்." சொல்லிக்கொண்டே உள் அறைக் கதவைத் தள்ளினார்.

இரண்டு கட்டில்கள். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. கட்டிலடியில் இரண்டு ஜோடிச் செருப்பு. இப்போது அந்தப் பிள்ளைகளின் பாதி காலுக்குக்கூடக் காணாது.

"அது பசங்க ரூமு" என்றாள் அவசரமாக. "லீவுக்கு வந்தா படுக்கணும்ல."

போன லீவுக்கும் வரவில்லை, அதற்கு முந்தின லீவுக்கும் வரவில்லை என்று அவள் சொல்லவில்லை. அவர் கதவை மெல்லச் சாத்தினார். ஹாலைச் சுற்றிப் பார்த்தார். மெஷின் முன்னால் ஒரு நாற்காலி. வேறு நாற்காலி இல்லை.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நெசமா எத்தன பேரு கேக்கப் போறீங்க?"

அவள் விரலில் சுற்றியிருந்த நூலைப் பிரித்தாள். "நான் ஒருத்திதான்."

"அத மொதல்லயே சொல்லியிருந்தா இந்த மலைய ரெண்டு மாடி தூக்கியிருக்க வேணாமே!"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

"ஒருத்தருக்குன்னா சின்னதே போதும். கைக்கெட்டற தூரத்துல, காது உயரத்துக்கு வெச்சிட்டா, ரூம் கெடுக்கறதுக்குள்ள சத்தம் உங்ககிட்ட வந்துடும். அந்த ரூமு அப்படியே இருக்கட்டும்."

மறுநாள் பெரியவற்றைக் கொண்டுபோய், சின்னவை இரண்டை மெஷினுக்கு இருபுறமும் பொருத்திக் கொடுத்தார். டீ போடுகிறேன் என்றாள். இன்னும் இரண்டு வீடு பாக்கி என்று கிளம்பிவிட்டார்.

அவள் உட்கார்ந்து ரேடியோவைப் போட்டாள். யாரோ ஒருத்தி பக்கத்தில் அமர்ந்து பேசுவது போலிருந்தது, மூச்சிழுப்பதுகூடக் கேட்டது. கத்தரிக்கோல் எடுக்க எழுந்து நாலடி நடந்தாள். குரல் மங்கிவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் தெளிந்தது. அன்று விளக்கேற்றும் வரை அவள் தேவையில்லாமல் எழுந்திருக்கவில்லை.