மிளகுக்கு நான் கொடுத்த கடலை

1

இந்தக் கதை ஐந்து வேர்க்கடலையில் தொடங்கியது. கொடுத்தவன் நான். யாருக்கும் தெரியாமல் கொடுத்தேன். அதுவும் ஒரு நாள் அல்ல, ஆறு நாள். முதலிலேயே ஒப்புக்கொண்டால் மனசு லேசாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை. எழுதியாவது தொலைப்போம்.

முதலில் எழுதிய தொடக்கம் இது: "விடிகாலை வானத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு புறா..." அடித்துவிட்டேன். மொட்டைமாடியில் நான் குடியிருக்கும் அறையின் சன்னலிலிருந்து பார்த்தவரை, எந்தப் புறாவும் எதையும் கிழிக்கவில்லை. தின்றன, குளித்தன, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டன, நேரமானால் பறந்தன.

இரண்டாவது தொடக்கம்: "பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ஒரு பெண்ணுக்கும் அவளுடைய மாமனாருக்கும் பத்து வருடமாக ஒரு சாவியால் இழுபறி." இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

(பத்து வருடம் இல்லை, நான்கு. எனக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் பழக்கம்.)

2

மருமகள் காலை ஐந்து மணிக்கு எழுவாள். மாடிக்குப் போகுமுன் மாமனாரின் அறை வாசலில் நின்று கூண்டுச் சாவியைக் கேட்கவேண்டும். அவர் பூட்டு ரிப்பேர்க்காரர். இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து. கடைச்சாவி, பெட்டிச்சாவி, கூண்டுச்சாவி எல்லாம் அதில்தான்.

"மாமா, சாவி."

"இப்பதானேம்மா கண்ண மூடுனேன்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

"நேத்தும் அப்பதான் மூடுனேன்."

பந்தயப் புறா வளர்ப்பதை அந்த வீட்டில் தொடங்கியவர் அவர். அதனால் எந்தப் புறா எப்போது என்ன தின்னவேண்டும் என்பதிலும் அவர் வைத்ததே சட்டம். கூண்டின் நடுவில் ஒரு பலகை அடித்து, அந்தப் பக்கம் அவளுடைய எட்டுப் புறாக்களுக்கு இடம் கொடுத்திருந்தார். நாற்பது பிள்ளைகளை நம்பி ஒரு பள்ளிக்கூடமே தன் கையில் பஸ் சாவியைக் கொடுத்திருக்க, வீட்டில் ஒரு கூண்டுச் சாவிக்குத் தினமும் கட்டிலோரம் நிற்கவேண்டியிருப்பது அவளுக்குக் கசந்தது. வாய்விட்டுச் சொல்லவும் சொன்னாள். அதற்கு அவர் சொன்ன பதில்தான் இந்தக் கதை.

"சரி. வர்ற ஞாயித்துக்கிழமை பந்தயத்துல யாரோட புறா முதல்ல கூண்டுக்குள்ள வருதோ, சாவி அவங்களுக்கு. சாப்பாட்டுச் சட்டமும் அவங்களுது."

"பேச்சு மாறக்கூடாது மாமா."

"பூட்டுக்காரன் வார்த்தைம்மா."

3

[இங்கே புறாவின் உடலமைப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். மருமகள் படித்துவிட்டு, "பரீட்சைக்கா படிக்கிறாங்க?" என்று கேட்டாள். எடுத்துவிட்டேன்.]

அந்த வாரம் முழுக்க மாடியில் ஒரே ரகளை. திங்கட்கிழமை அவள் தன் பக்கத்தைச் சுரண்டித் துடைத்து, தண்ணீரில் ஒரு பல் பூண்டைத் தட்டிப் போட்டு, வெறும் பார்லி வைத்தாள். முதலில் உடம்பு லேசாக வேண்டும், பிறகுதான் பலம் ஏற்றவேண்டும் என்பது அவள் கணக்கு. மாமனாரோ திங்கட்கிழமையே பட்டாணியை அள்ளிப் போட்டார்.

"பசியோட பறக்கவா வளக்குறோம்?"

"வயித்தத் தூக்கிக்கிட்டா பறக்கும் மாமா?"

செவ்வாய்க்கிழமை குளியல். புறா குளித்த தண்ணீரில் மாவு தூவினாற்போல வெள்ளையாக ஒரு படலம் மிதந்தால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இருவரும் அவரவர் தட்டில் குனிந்து பார்த்தார்கள். பிறகு அடுத்தவர் தட்டையும் எட்டிப் பார்த்தார்கள். புதனிலிருந்து அவள் மக்காச்சோளத்தைக் கூட்டினாள். தினமும் புறாக்களைக் கூடையில் வைத்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், பிள்ளைகளை இறக்கிவிட்டபின் பள்ளிக்கூட வாசலிலிருந்து பறக்கவிட்டாள். அவள் வண்டியைத் திருப்புவதற்குள் அவை வீடு வந்திருக்கும். (தலைமையாசிரியர் இதைப் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.)

பறக்கும் புறாவைக் கூண்டுக்குள் இறக்க ஆளுக்கொரு ஓசை. அவர் சாவிக்கொத்தைக் குலுக்குவார். அவள் ஒரு பிஸ்கட் டப்பாவில் மக்காச்சோளத்தைப் போட்டுக் குலுக்குவாள். அவரவர் புறா அவரவர் ஓசைக்கு மட்டும்தான் இறங்கும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், நான் கடைசியில் திரும்பிவருவேன்.

அவர் பக்கத்தில் பெயர்போனவன் மேனேஜர் என்ற ஆண்புறா. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மற்றவர்களை வேலை வாங்குவது போலவே நடப்பான். அவள் பக்கத்தில் மிளகு. சாம்பல் இறக்கையில் கரும்புள்ளி தூவிய பெட்டை, அவள் கையாலேயே முட்டையிலிருந்து பார்த்து வளர்த்தது.

4

மாமனாரைக் கொஞ்சம் கெட்டவராக்கிப் பார்த்தேன். கதைக்கு உதவும் என்று ஒரு ஆசை. வியாழக்கிழமை அவர் மிளகின் தண்ணீரில் எதையோ கலப்பதாக ஒரு காட்சிகூட எழுதினேன். எழுதி முடித்து நிமிர்ந்தால், சன்னலுக்கு வெளியே மனுஷர் மிளகைக் கையில் பிடித்து, இறக்கையை விரித்து, ஒவ்வொரு இறகாக நீவிக்கொண்டிருக்கிறார். "நல்லா பண்ணியிருக்கா பொண்ணு" என்று புறாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மருமகள் படியேறும் சத்தம் கேட்டதும் அவசரமாகக் கூண்டுக்குள் விட்டுவிட்டு மேகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அந்தக் காட்சியைக் கிழித்துப் போட்டேன்.

கெட்டது செய்தவன் வேறு ஆள். மிளகின் கண்ணைப் பற்றி எனக்கு ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. "அதன் கண்..." என்று எழுதிவிட்டு நின்றேன். என்ன நிறம்? ஆரஞ்சா, செம்பா? கிட்டத்தில் பார்க்காமல் எப்படி எழுதுவது? திங்கள் காலை புறாக்கள் வீட்டைச் சுற்றிப் பறந்தபோது என் சன்னல் விளிம்பில் ஐந்து கடலையை வைத்தேன். மிளகு வந்தது, தின்றது, போனது. வாக்கியம் வரவில்லை. செவ்வாயும் வைத்தேன். சனிக்கிழமை வரை வைத்தேன்.

அந்த வாக்கியம் இன்னும் முடியவில்லை.

5

சனிக்கிழமை மாலை கூடைகள் லாரியில் போயின. ஞாயிறு காலை ஏழு மணிக்கு, முந்நூறு கிலோமீட்டர் தள்ளித் திறந்துவிட்டார்கள். கூண்டு வாசலில் ஒரு பலகை, அதில் ஒரு கருவி. காலில் வளையம் மாட்டிய புறா தானாக அதன்மேல் நடந்து உள்ளே போனால்தான் நேரம் பதிவாகும். கையால் பிடித்து விடக்கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். மாமனாரும் மருமகளும் ஒப்புக்கொண்ட ஒரே சட்டமும் அதுதான்.

பதினொன்றரைக்கு வானத்தில் முதல் புள்ளி தெரிந்தது.

"மிளகு!" என்று அவள் கத்தினாள். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆசை தீர வாரியிறைக்கிறேன் பேர்வழி என்று டப்பாவிலிருந்த மக்காச்சோளத்தை மொத்தமாகப் பலகையில் கொட்டிவிட்டாள்.

மிளகு வட்டமடித்தது. பலகைக்கு மேலாகப் பறந்து, நேராக வந்து என் சன்னலில் உட்கார்ந்தது. கழுத்தைச் சாய்த்து என்னைப் பார்த்தது. எங்கே கடலை என்று கேட்டது.

மருமகள் சன்னல் விளிம்பைப் பார்த்தாள். ஆறு நாள் கடலைத்தோல் அங்கே ஒட்டிக்கிடந்தது.

"கடலை வச்சீங்களா?"

"அஞ்சுதான்..."

"எத்தன நாளா?"

சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. டப்பாவைக் குலுக்கினாள். காலி டப்பா சத்தம் போடவில்லை. (பலகையில் கிடந்த சோளத்தில் ஒரு பிடி அள்ளி டப்பாவில் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே எழுதும்போதுதான் தோன்றுகிறது.) மறுபடி குலுக்கினாள். அவள் கண் நிறைந்துவிட்டது. வாரம் முழுக்கப் பார்லி அளந்தது, பூண்டு தட்டியது, நான்கு வருடம் கட்டிலோரம் நின்றது, எல்லாம் என் சன்னலில் உட்கார்ந்து சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது.

அப்போது கிழக்கே இன்னொரு புள்ளி. நெஞ்சை நிமிர்த்திய பறப்பு. மேனேஜர்.

மாமனார் வானத்தைப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார். மருமகளின் முகத்தைப் பார்த்தார்.

"அட, அவ்ளோ தூரம் பறந்து வந்த பிள்ள வாசல்ல நிக்குதே!"

இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைப் பிடுங்கினார். அப்படியே அவள் டப்பாவுக்குள் போட்டார்.

"குலுக்கும்மா!"

குலுக்கினாள். தகரத்தில் சாவி மோதிய அந்தச் சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். மிளகு அதில் டப்பாவின் ஓசையைக் கேட்டது. மேனேஜர் அதில் சாவியின் ஓசையைக் கேட்டான். இரண்டும் ஒரே நேரத்தில் பலகையில் வந்து இறங்கின.

6

முடிவு (அ): மிளகு முதலில் உள்ளே போனது. மருமகள் இப்படித்தான் எழுதச் சொல்கிறாள். "மூக்களவுதான் வித்தியாசம். ஆனா மூக்கு எங்களுது."

முடிவு (ஆ): மேனேஜர். "நியாயமா எழுது தம்பி. கடலையெல்லாம் வேற வச்சிருக்க" என்கிறார் மாமனார்.

முடிவு (இ): நானே யோசித்தது. இரண்டும் வாசலில் நின்று ஒன்றுக்கொன்று வழிவிட்டுக்கொண்டன. இதைச் சொன்னதும் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். புறாவைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாதாம்.

கருவியில் நேரம் இருக்கிறது. ஆனால் அதை எழுதமாட்டேன். இந்தக் கதையில் நான் ஒருமுறை கைவைத்ததே போதும். இடம் விட்டிருக்கிறேன், நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்:

முதலில் உள்ளே போனது ...................

நிரப்புமுன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அன்றைய கூத்தில் சாவிக்கொத்தை டப்பாவிலிருந்து யாரும் எடுக்கவில்லை. டப்பாவை அவள் தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டாள். திங்கள் காலை ஐந்து மணிக்குக் கீழே ஒரு கதவு தட்டும் சத்தம் கேட்டது. சன்னல் வழியாகக் காதைக் கொடுத்தேன்.

"ஏம்மா, சாவி."

"இப்பதானே மாமா கண்ண மூடுனேன்."